ஓஃபீலியாவின் கேட் திறந்திருக்கிறது!

டெலிபோன் அலறியது.

வாய் நிறைய டாக்கோவோடு எலாய் ட்ரெவின்யோ ரிசீவரை எடுத்தான்.

"ம்ம்... எல்லைக் காவல்... நில உரிமையாளர் தொடர்பு அதிகாரி..."

"மென்னு முழுங்கிட்டுப் பேசு தம்பி. என் நிலத்துலே ஒரு பொணம் கிடக்கு."

எலாய் மெல்லாமலே முழுங்கினான்.

"யாரும்மா நீங்க?"

"ஓஃபீலியா லோங்கோரியா."

கையிலிருந்த மிச்ச டாக்கோ யூனிஃபார்ம் மேல் விழுந்தது.

"நீங்களா...! நீங்களா எனக்குப் போன் பண்றீங்க...?"

"உடனே வா. கேட்டைத் திறந்து வெச்சிருக்கேன்."

க்ளிக்.

எலாய் ரிசீவரையே வெறித்துப் பார்த்தான்.

தெற்கு டெக்சஸ். எல்லையான ஆற்றை ஒட்டின லா ப்ரெசா வட்டாரம். பிணம் என்ற வார்த்தை அந்த ஆபீஸுக்குப் புதிதில்லை. அவனை உலுக்கினது அதற்கு அடுத்த விஷயம்.

கேட்... திறந்து... வைத்திருக்கிறாளாமே!

"மேடம்!" என்று கத்திக்கொண்டே மேலதிகாரி வாண்டாவின் அறைக்குள் பாய்ந்தான். "ஓஃபீலியா கேட்டைத் திறந்துட்டாங்க!"

வாண்டா கண்ணாடியைக் கழற்றி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பகல்லேயே ஊத்திக்கிட்டியா?"

"சத்தியமா மேடம்! உள்ளே ஒரு பொணம் வேற கிடக்காம்!"

"அடப்பாவி! அதையில்லே முதல்லே சொல்லணும்!"

எலாய் அதற்குள் வண்டியில் இருந்தான்.

*

எலாயின் வேலை துப்பாக்கி வேலை இல்லை. வாய் வேலை.

ஆற்றங்கரை நிலம் பெரும்பாலும் தனியார் சொத்து. உரிமையாளர்கள் 'சரி' என்று தலையாட்டினால்தான் கடத்தலைக் கண்காணிக்கிற கேமரா நடலாம். கேட் சாவி வாங்கலாம். அந்தத் தலையை ஆட்ட வைப்பதற்குத்தான் எலாய்க்குச் சம்பளம். அதற்காக ஒரு பிரசங்கமே தயார் செய்து வைத்திருந்தான். கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்த பிரசங்கம். எந்த ஆட்சேபணைக்கும் அதில் பதில் உண்டு.

ஹாப்குட் என்ற நில உரிமையாளருக்கு மட்டும் அந்தப் பிரசங்கம் தேவைப்படவே இல்லை.

தங்கமான மனுஷர்! கேட்காமலே சாவி கொடுத்தவர். "என் நிலம் முழுக்க கேமரா வைங்க தம்பி. கம்மியா வெச்சா எனக்குக் கெட்ட கோபம் வரும்" என்றவர். ரோந்துக்காரர்களுக்கு விறகடுப்பில் மாட்டிறைச்சி வாட்டிப் பரிமாறுபவர். அவருக்கு 'ஒத்துழைப்புச் செம்மல்' என்று கேடயம் கொடுத்து, எழுந்து நின்று கைதட்டினதே எலாய்தான்.

ஹாப்குட்டின் பக்கத்து நிலம் ஓஃபீலியாவுடையது.

கேட்டில் மலைப்பாம்பு கனத்துக்குச் சங்கிலி. என்றைக்கோ நிலம் அளக்க வந்த அரசாங்க ஆள் எவனோ ஒருவன் கேட்டைச் சாத்தாமல் போய்விட்டான். அவளுடைய ஆட்டு மந்தை முழுசும் ஹைவேயில் ஊர்வலம் போனது. திரும்பி வந்தது பாதிதான். அன்றிலிருந்து யூனிஃபார்மைக் கண்டாலே அவள் மெகாஃபோனை எடுத்துவிடுவாள்.

எலாய் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை. அவனுக்குத் தெரிந்த ஓஃபீலியா என்பது தூரத்தில் ஒரு வைக்கோல் தொப்பி, ஒரு வேட்டைத் துப்பாக்கி, காது கிழிகிற ஒரு குரல். அவ்வளவுதான்.

அவள் நிலத்தில் கேமரா கிடையாது. அதனால் ஆற்றுப் பக்கத் தெற்கு கேட்டுக்கு வெளியே எந்நேரமும் ஒரு ரோந்து வண்டி காவல் நிற்கும்.

எலாய் வடக்கு கேட்டை அடைந்தான்.

சங்கிலி கீழே கிடந்தது. கேட் 'ஆ'வென்று திறந்து கிடந்தது.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, யாராவது சுடுகிறார்களா என்று பார்த்தான்.

யாரும் சுடவில்லை.

"கடவுளே... நன்றி!" என்று சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே விட்டான்.

*

வாசலில் நின்றவளுக்கு அறுபது வயதிருக்கும். பூப்போட்ட ஏப்ரன். முகம் முழுக்கச் சிரிப்பு. கையில் தட்டு. தட்டில் சர்க்கரை தூவின ரொட்டி. காபி!

"வா தம்பி, வா வா! வெயில்லே வந்திருக்கே. முதல்லே காபி குடி."

எலாய் திரும்பிப் பின்னால் பார்த்தான். தன்னைத்தானா?

"நீங்க... ஓஃபீலியாம்மா?"

"வேற யாரு? உன்னை எத்தனை தடவை விரட்டியிருக்கேன்... மனசுலே வெச்சுக்காதே கண்ணு."

கண்ணு!

எலாய்க்குக் கண் கலங்கியது.

"பொ... பொணம் எங்கேம்மா?"

"அது எங்கே ஓடிடப் போகுது? வா, காட்டறேன்."

வீட்டுக்கு வடக்கே ஒரு மெஸ்கீட் முள்புதர். அதைத் தாண்டினால் காற்றாலை, ஆடுகள் தண்ணீர் குடிக்கிற பெரிய தொட்டி. தொட்டிக்குக் கொஞ்சம் தள்ளி, மர நிழலில் ஒருத்தன் குப்புறக் கிடந்தான். முதுகுச் சட்டை முழுக்கச் சிவப்பு.

எலாய் உயிருள்ளவர்களோடு கை குலுக்கிப் பழகின ஆசாமி. பிணங்களோடு அவனுக்குப் பழக்கமில்லை.

"கிட்டே போகாதே தம்பி. டாக்டர் வர்ற வரைக்கும் எதையும் தொடக்கூடாது இல்லே?" என்றாள் அவள்.

"ஆமாமா! தொடவே கூடாது!" எலாய் சந்தோஷமாகப் பின்வாங்கினான்.

"உங்க ஆளுங்க எல்லாரையும் கூப்பிடு தம்பி. ஒருத்தர் விடாம! தெற்கே நிக்கிற வண்டியைக்கூட இங்கே வரச் சொல்லு. கொன்னவன் இந்தப் பக்கம்தான் புதர்லே ஒளிஞ்சிருப்பான்."

எலாய் ரேடியோவை எடுத்தான்.

"வாண்டா மேடம்! கொலை! எல்லா வண்டியும் ஓஃபீலியா நிலத்து வடக்கு மூலைக்கு வரணும்!"

"தெற்கு கேட் வண்டியுமா?"

"எல்லாமே! நிலத்துக்காரம்மாவே கேக்கறாங்க மேடம்! ஒத்துழைக்கறாங்க!"

ரேடியோவை வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினான். பிணம் கிடக்கிற இடத்தில் பேசுகிற பேச்சில்லைதான். ஆனால் இப்படி ஒரு சந்தர்ப்பம் மறுபடி வாய்க்குமா?

"ஓஃபீலியாம்மா... இந்த நேரத்துலே கேக்கறேனேன்னு..."

"கேமராதானே? வெச்சுக்கோ."

"இல்லே, அதனோட நன்மைகளை முதல்லே..."

"நன்மைதான். வெச்சுக்கோ."

"உங்க சந்தேகங்களுக்கு நான் பதில்..."

"ஒரு சந்தேகமும் இல்லே. தெற்கு கேட் சாவி வேணுமா? இந்தா!" அவன் உள்ளங்கையில் ஒரு சாவியை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, இறுக்கமாகப் பிடித்தாள். "பத்திரம் தம்பி. ரொம்பப் பத்திரம். யார் கேட்டாலும் குடுக்காதே."

எலாய்க்கு ஆனந்தமாகத்தான் இருந்தது. அதே சமயம் லேசாக எரிச்சலும் வந்தது. இத்தனை நாள் ஒத்திகை பார்த்திருக்கிறான்! ஒரே ஒரு தடவையாவது 'முடியாது' என்று சொல்லக்கூடாதா?

"ஒரு பேச்சுக்காவது மறுத்துப் பாருங்களேன்ம்மா..."

"நானா? மறுக்கறதா? அரசாங்கத்தையா? சேச்சே!"

அவள் கண்ணை அகல விரித்து அவனையே பார்த்தாள். வாய் சிரித்தது. கண் சிரிக்கவில்லை.

எலாய் அதைக் கவனிக்கவில்லை. அவன் கவனித்தது வேறொன்றை.

பிணத்தின் கால்...

அசைந்ததோ?

எலாய் கண்ணைக் கசக்கினான்.

பிணம் இடது காலால் வலது காலைச் சொறிந்தது!

"அ... அம்மா... பொ... பொணம்..."

"என்ன தம்பி?"

"சொறிஞ்சுக்குது!"

அடுத்த கணம்...

"ஆஆஆஆஆ...! மாதாவே...!"

பிணம் எழுந்தது! எகிறியது! சட்டையைக் கிழித்தது! ஒற்றைக்காலில் ஆடியது! தன்னைத்தானே பளார் பளாரென்று அறைந்துகொண்டது! கழுத்து, முதுகு, இடுப்பு எல்லா இடத்திலும் ஊர்ந்துகொண்டிருந்தவை...

நெருப்பெறும்புகள்!

"காப்பாத்துங்க! தின்னுதே...! என்னைத் தின்னுதே...!"

ஓடி வந்து, தண்ணீர்த் தொட்டிக்குள் 'தொபுக்'கென்று விழுந்தது பிணம். குடித்துக்கொண்டிருந்த ஆடு ஒன்று மூஞ்சியைத் துடைக்காமலே நகர்ந்து போனது.

எலாய் துப்பாக்கியை உருவினான். மூளை மின்னல் வேகத்தில் ஓடியது.

பொய்ப் பிணம்... திறந்த கேட்... காபி... சர்க்கரை ரொட்டி... கண்ணு!

சட்டென்று அவள் பக்கம் திரும்பினான்.

"நீ ஓஃபீலியா இல்லே!"

அவள் வாயைத் திறந்து, மூடினாள்.

"எவடீ நீ? அசல் ஓஃபீலியா எனக்குப் பச்சைத் தண்ணி தரமாட்டாங்க! நீ காபி குடுத்தப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கணும்! அந்தம்மாவை எங்கே அடைச்சு வெச்சிருக்கே?"

அவள் இரண்டு கைகளிலும் விலங்கு விழுந்தது. க்ளக்! க்ளக்!

அவள் முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. தாடையால் தன் ஏப்ரன் பையை இடித்து இடித்துக் காட்டினாள்.

"ஓஹோ! துப்பாக்கியா?"

எலாய் பைக்குள் கை விட்டான். வந்தது ஒரு செல்போன்.

திரை எரிந்துகொண்டிருந்தது. லைன் ஓடிக்கொண்டிருந்தது!

நெடுநேரமாக யாரோ மறுமுனையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

"ஹ... ஹலோ...?"

"ஹலோ எலாய் தம்பி."

தேன் சொட்டுகிற குரல். எலாய்க்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"ஹாப்குட் சார்!? நீங்க எப்படி... எங்கேயிருந்து?"

"ஓஃபீலியா வீட்டு ஹாலிலிருந்துதான். சோபா நல்லா இருக்கு. பக்கத்துலே அவ புருஷன் லாலோ. கால்லே மாவுக்கட்டு பாவம், ஓடவும் முடியாது. அவன் தலையிலே என் துப்பாக்கி. ஓஃபீலியாவுக்கே விலங்கு மாட்டிட்டே போல இருக்கே! உன் மூளையை மியூசியத்துலே வைக்கணும் தம்பி."

எலாய்க்கு உலகமே தட்டாமாலை சுற்றியது.

ஹாப்குட்டுக்குக் கேட்காதபடி போனின் ஒலியை அடைத்தான்.

அவ்வளவுதான்!

"அடேய் அரைவேக்காடு! களிமண் மண்டை! டாக்கோ திங்கறதுக்குன்னே பொறந்த ஜென்மமே! உன்னை வேலைக்கு எடுத்தவனை முதல்லே சுடணும்டா! உனக்குக் காபி குடுத்தேன், ரொட்டி குடுத்தேன், கண்ணுன்னு கூப்பிட்டேன்! நான் ஏதோ ஆபத்துலே இருக்கேன்னு ஒரு ஆட்டுக்குட்டிக்குக்கூடப் புரிஞ்சிருக்குமேடா!"

காது கிழிந்தது.

சந்தேகமே இல்லை. மெகாஃபோன் இல்லாமலே அசல் ஓஃபீலியா!

"அம்மா... மன்னிச்சிடுங்கம்மா..."

"மன்னிப்பை அப்புறம் கேளு! காலையிலே ஆப்பிள் கேக் கொண்டாந்திருக்கேன்னு கதவைத் தட்டினான் அந்த ஆளு. கேக்குக்கு அடியிலே துப்பாக்கி! என் நிலத்துக்குள்ளே ஆத்தோரம் லாரி நிக்குது, முழுக்கப் போதைத் தூள் மூட்டை. என் தெற்கு கேட் வழியாத்தான் ரோட்டுக்குப் போகணும். வெளியே உங்க வண்டி நிக்குதே, அது நகரணும். அதுக்குத்தான் இந்தப் பொணம், அவனோட ஆளு!"

"அவர் நிலம் வழியாவே கொண்டு போயிருக்கலாமே?"

"அங்கே தடுக்கி விழுந்தா கேமரா! 'ஒத்துழைப்புச் செம்மல்' இல்லே? அவனை எவன் சந்தேகப்படுவான்? திருடறதுக்கு என் வீடு, கேடயம் மாட்டறதுக்கு அவன் வீடு!"

எலாய் தலையைத் தொங்கப் போட்டான்.

"எறும்பு...?"

"நான்தான்! 'இங்கே படுப்பா, நிழலா இருக்கு'ன்னு புத்து மேலே பார்த்துப் படுக்க வெச்சேன். ரத்தத்துக்குத் தக்காளிச் சாறு கலக்கச் சொன்னான், நான் வெல்லப்பாகையும் சேர்த்துக் கலந்தேன். மடையன் ரொம்ப நேரம் தாக்குப் பிடிச்சுட்டான்!"

தொட்டிக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"சார்... என்னைக் கைது பண்ணிக் கூட்டிட்டுப் போயிடுங்க சார்..."

"வாயைத் திறந்தே, மறுபடி அந்தப் புத்துலேயே உக்கார வைப்பேன்!" என்றான் எலாய்.

தலை தண்ணீருக்குள் போய்விட்டது.

"சாவி, சாவி!" விலங்கைக் கழற்ற எலாய் பாக்கெட்டைத் துழாவினான். பேனா வந்தது. டாக்கோ சுற்றின காகிதம் வந்தது. "ஐயோ... விலங்குச் சாவி வண்டியிலே இருக்கும்மா! வண்டி ஹால் ஜன்னலுக்கு நேரா நிக்குது!"

"நாசமாப் போச்சு. சரி, விடு. அவன்கிட்டே பேசு. பேசிக்கிட்டே இரு. வெக்கக்கூடாது போனை. நான் ஆட்டுக்கொட்டாய் வழியா சமையல்கட்டுக்குப் போறேன்."

"என் துப்பாக்கியை எடுத்துக்கங்க!"

"எனக்கு எதுக்கு? என் சமையல்கட்டுலே என்ன எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"கையிலே விலங்கோட எப்படிம்மா?"

ஓஃபீலியா விலங்கிட்ட கைகளைத் தூக்கிப் பார்த்தாள்.

"ரெண்டு கையும் சேர்ந்தே இருக்கு. அடி நல்லாத்தான் விழும்!"

புதருக்குள் மறைந்தாள்.

*

எலாய் ஒலியைத் திறந்தான்.

"எங்கே போனே தம்பி?" ஹாப்குட்டின் குரலில் தேன் குறைந்திருந்தது.

"இங்கேதான் சார். அதிர்ச்சியிலே வாந்தி வந்துடுச்சு."

"ஓஃபீலியா?"

"பக்கத்துலேயே அழுதுக்கிட்டிருக்காங்க." எலாய் மூக்கை உறிஞ்சி இரண்டு விசும்பல் விட்டான். கேட்கச் சகிக்கவில்லை.

"உங்க வண்டிங்க எல்லாம் வடக்கே வருதா?"

"சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லியாகணும்."

"என்னது?"

எலாய் கண்ணை மூடினான். கண்ணாடி முன்னால் நிற்பதாக நினைத்துக்கொண்டான்.

"மதிப்பிற்குரிய நில உரிமையாளரே! உங்கள் நிலம், உங்கள் உரிமை! ஆனால் எல்லை என்பது நம் எல்லோருடைய வாசல்படி அல்லவா?"

"...என்னடா இது?"

"அரசாங்கத்தோடு கைகோர்ப்பதால் உங்களுக்கு விளையும் நன்மைகள் பலப்பல! முதலாவதாக..."

"எலாய்! இதையெல்லாம் கேக்க எனக்கு நேரமில்லே! வண்டி எங்கே?"

"அங்கேதான் வர்றேன் சார். நடுவுலே விட்டா எனக்கு மறந்துடும், மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். முதலாவதாக, உங்கள் கால்நடைகளின் பாதுகாப்பு! இரண்டாவதாக, உங்கள் வேலியின் பாதுகாப்பு! மூன்றாவதாக..."

"வண்டி எங்கேடா?"

"...'கேமரா வைத்தால் என் அந்தரங்கம் என்னாவது?' என்று தாங்கள் கேட்கலாம்!"

"நான் கேக்கலே!"

"நல்ல கேள்வி! அதற்கு என் பதில் என்னவென்றால்..."

எலாய்க்கு உற்சாகம் பீறிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக யாரும் கதவைச் சாத்த முடியாத பிரசங்கம்! சட்டை தெப்பலாக நனைந்துவிட்டது. வாய் மட்டும் ஓடியது. தொட்டிக்குள்ளிருந்த பிணம்கூட மோவாயை விளிம்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒத்துழைப்பு என்பது என்ன? ஒரு கை ஓசையா? இல்லை! நீங்கள் ஒரு அடி வைத்தால் நாங்கள் இரண்டு அடி..."

"இதோ பாரு எலாய், கடைசியாச் சொல்றேன், லாலோவோட மண்டையை..."

ணங்ங்ங்ங்!

கோயில் மணி மாதிரி ஒரு சத்தம்.

அப்புறம் 'தடால்'.

அப்புறம் நிசப்தம்.

எலாய் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"ஹலோ...? ஹலோ! ஓஃபீலியாம்மா? லாலோ அண்ணே? யாராவது பேசுங்களேன்!"

மறுமுனையில் ஒரு ஆண் குரல். சலித்துப்போன குரல்.

"வாணலியாலே மெதுவா அடிக்கக்கூடாதா ஓஃபீலியா? டி.வி.யிலே பேஸ்பால் மேட்ச், கடைசி பந்து... ஸ்கோர் கேக்காமப் போச்சு!"

எலாய் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். சிரித்தான். அழுதான். உட்கார்ந்த இடம் எறும்புப் புற்று என்று தெரிந்ததும் கத்தினான்.

பிணத்துக்குப் பக்கத்தில் தொட்டிக்குள் குதித்தான்.

*

"மேடம்!" தொட்டியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி எலாய் ரேடியோவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கத்தினான். "எல்லா வண்டியையும் திருப்புங்க! தெற்கு கேட்! லாரி! முழுக்கத் தூள்!"

"இப்பத்தானே வடக்குன்னே? உனக்குத் திசை தெரியுமா தெரியாதா?"

"ஓஃபீலியாம்மா புருஷனைப் பணயமா வெச்சு மிரட்டினது ஹாப்குட் சார் மேடம்!"

ரேடியோ கரகரத்தது.

"எந்த ஹாப்குட்?"

"செம்மல் மேடம்."

வாண்டா சொன்ன வார்த்தையை அச்சில் போட முடியாது.

வண்டிகள் புழுதி பறக்கத் திரும்பின. எலாய் வண்டியை விரட்டிக்கொண்டு தெற்கே பறந்தான். பக்கத்து சீட்டில் ஓஃபீலியா, விலங்கு கழன்ற மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே. பின் சீட்டில் பிணம், சொறிந்துகொண்டே.

"லாரி இந்நேரம் வெளியே போயிருக்குமேம்மா! ஹாப்குட்டுக்கு நீங்கதானே சாவி குடுத்திருப்பீங்க?"

"குடுத்தேன்."

"ஐயோ!"

"கோழிக்கூண்டுச் சாவி."

எலாய் பிரேக்கை மிதித்தே விட்டான்.

"அப்போ நிஜச் சாவி...?"

"உன் பாக்கெட்டுலே இருக்குடா, மண்டு! நான் குடுத்ததைப் போன்லே கேட்டிருந்தாலும், உன்னை ஏமாத்தற பொய்ச் சாவின்னுதான் அவன் நினைச்சிருப்பான். நிஜச் சாவி உன்கிட்டே இருக்கும்னு எவன் நினைப்பான்?"

தெற்கு கேட் வந்தது. உள் பக்கத்தில் லாரி நின்றது. டிரைவர் பூட்டுக்கு முன்னால் மண்டியிட்டு, ஹாப்குட் கொடுத்தனுப்பின கோழிக்கூண்டுச் சாவியைப் போட்டுத் திருகித் திருகி விரல் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தான். வேலிக்கு வெளியே ரோந்து வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. வாண்டா இறங்கினாள். டிரைவர் இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். கையைத் தூக்கினான்.

"நல்ல பூட்டு மேடம்," என்றான் வாண்டாவிடம், மனதாரப் பாராட்டி.

*

அந்தச் சனிக்கிழமை சமூகக் கூடத்தில் நில உரிமையாளர்கள் கூட்டம். விறகடுப்பில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. எலாய் மேடையில் நின்றான். பிரசங்கம் தொண்டை வரை வந்து நின்றது.

முன்வரிசையில் பெரிய மீசைக்காரர் ஒருவர் எழுந்தார்.

"தம்பி, எனக்கு ஒரே ஒரு கேள்வி. உங்களோட ஒத்துழைச்சவன் திருடன். ஒத்துழைக்காத அம்மாதான் அவனைப் பிடிச்சுக் குடுத்தாங்க. இப்போ எங்களை என்ன பண்ணச் சொல்றே?"

கூடமே சிரித்தது.

எந்த ஆட்சேபணைக்கும் எலாயிடம் பதில் உண்டு. இதற்கு இல்லை.

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. வைக்கோல் தொப்பி எழுந்தது. சிரிப்பு அடங்கியது.

"எனக்கு இவங்களைப் பிடிக்காது. இப்பவும் பிடிக்காது." ஓஃபீலியாவுக்கு அங்கேயும் மைக் தேவைப்படவில்லை. "ஆனா என் லாலோ தலையிலே துப்பாக்கி இருந்தப்போ, எனக்குக் கூப்பிட ஒரு நம்பர் இருந்தது. கூப்பிட்டா ஓடி வர ஒரு முட்டாள் இருந்தான். எத்தனை தடவை விரட்டினேன்! அத்தனை தடவையும் தொப்பியைத் தொட்டு 'வர்றேம்மா'ன்னு சொல்லிட்டுப் போனவன். அன்னிக்கும் தனியாத்தான் வந்தான். புரியாமத்தான் வந்தான். ஆனா வந்தான்."

எலாய் கூரையைப் பார்த்தான். கண்ணில் புகை பட்டுவிட்டது போல.

"கேமரா வைக்கிறதும் வைக்காததும் உங்க இஷ்டம். கேக்குக்காரன் வந்து கதவைத் தட்டற அன்னிக்குத் தனியா மட்டும் நிக்காதீங்க. அவ்வளவுதான். இறைச்சி கருகுது, திருப்பிப் போடுங்கடா!"

மீசைக்காரர் தலையைச் சொறிந்தார். மனைவியைப் பார்த்தார். மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"என் நிலத்துக்கு ஒண்ணு வை தம்பி."

இன்னொரு கை. இன்னும் இரண்டு. கடைசியில் இறைச்சி திருப்பிக்கொண்டிருந்தவன்கூட இடுக்கியைத் தூக்கினான்.

எலாய் மேடையிலிருந்து குதித்து ஓடினான்.

"ஓஃபீலியாம்மா! நீங்க?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"திங்கட்கிழமை வா. ஒண்ணு வை."

எலாய் அவளைக் கட்டிக்கொண்டான். அவள் விடுவித்துக்கொண்டாள். ரொம்ப அவசரமாக அல்ல.

*

திங்கட்கிழமை. தெற்கு வேலியோரம் கம்பம் நட்டாயிற்று. உச்சியில் புத்தம் புதுக் கேமரா. எலாய் வாண்டாவுக்குப் போன் போட்டு, "மேடம், கண் கொள்ளாக் காட்சி!" என்று வர்ணித்துக்கொண்டே திரும்பினான்.

ஏணி மேல் ஓஃபீலியா!

கையில் ஸ்பேனர். கேமராவின் கழுத்தைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். ஆற்றைப் பார்த்திருந்த கேமரா மெல்ல மெல்லத் திரும்பி, வெளி ரோட்டில் நின்ற ரோந்து வண்டியை நேருக்கு நேர் முறைத்தது. வண்டிக்குள் பர்கர் கடித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அம்மா! அம்மா! தப்பான பக்கம் திருப்பறீங்க! ஆறு அந்தப் பக்கம்!"

ஓஃபீலியா கடைசி மரையை 'கிறீச்'சென்று முடுக்கினாள்.

"தெரியும்டா. ஆத்தை நான் பாத்துக்கறேன்... உங்களைப் பாத்துக்கத்தான் ஆள் இல்லே!"